வகுப்பறைக்கு வந்த எகிப்து: இரட்டைப்படம் முதல் மெய்நிகர்க் காட்சி வரை

கணினி உருவாக்கிய ஓர் இடத்திற்குள் தாமே நிற்பதாகப் பார்ப்பவரை உணரச் செய்யும் மெய்நிகர்க் காட்சி, வரலாற்றைக் காட்டப் பயன்படத் தொடங்கியது 1990களில்தான் என்றாலும், கண்ணோடு ஒட்டிப் பிடித்த கருவியொன்றின் வழியே மாணவர்களைத் தொலைதூர நாடுகளுக்கும் பழங்காலத்தின் எச்சங்களுக்கும் அழைத்துச் செல்லும் வழக்கம் அதைவிட ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மூத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் பரவி, இரண்டு தலைமுறைக்குள் மறக்கப்பட்ட ஸ்டீரியோஸ்கோப் என்னும் கருவியிலிருந்துதான் அந்த வழக்கம் தொடங்குகிறது. இன்றைய மெய்நிகர்க் கருவிகளை விற்பவர்கள் தரும் வாக்குறுதிகளில் பெரும்பாலானவற்றை அன்றைய நிறுவனங்களும் தந்தன. ஆனால் அன்று வரலாற்றுப் பாடம் உண்மையிலேயே நடந்த வகுப்புகளில், அதை நடத்தித் தந்த பெருமை கருவியைக் காட்டிலும் அதனுடன் வந்த வரைபடத்திற்கும் வழிகாட்டி நூலுக்குமே உரியது.

மனிதரின் இரு கண்களும் ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால், ஒரே பொருளின் சற்றே வேறுபட்ட இரு தோற்றங்கள் மூளைக்குச் செல்கின்றன. அவ்விரண்டையும் மூளை ஒன்றாக்கும்போதுதான் ஆழம் புலப்படுகிறது. இதை விளக்கி, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படத்தைக் கண்ணாடிகள் மூலம் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவியை 1838இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்தவர் சார்லஸ் வீட்ஸ்டன். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்பே இது நிகழ்ந்ததால், அவர் கையாண்டவை கோட்டுச் சித்திரங்களே. 1849இல் டேவிட் புரூஸ்டர் வில்லைகளைக் கொண்டு கையடக்கமான வடிவத்தை அமைத்தார். 1851இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் விக்டோரியா அரசி அதை வியந்து பார்த்தபின், ஐரோப்பிய வீடுகளில் அதற்கு இடம் கிடைத்தது. இதை எளியவர்க்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தவர் பாஸ்டன் நகர மருத்துவரும் கட்டுரையாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். 1861இல் மரச்சட்டமும் கைப்பிடியும் கொண்ட எளிய கருவியொன்றை வடிவமைத்த அவர், அதற்குக் காப்புரிமை பெறாமல் விட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்ற அந்த நிலைதான், பின்னாளில் பள்ளிகள் அதை வாங்க முடிந்ததற்கு முதற்காரணம்.

ஆழம் ஒருபுறமிருக்க, பார்ப்பவரைச் சுற்றிலும் காட்சி சூழ்ந்திருக்க வேண்டும் என்ற விருப்பம் இன்னும் பழையது. 1787இல் ராபர்ட் பார்க்கர் காப்புரிமை பெற்ற பனோரமா, வட்டமான கட்டடத்தின் உட்சுவர் முழுவதும் ஒரே ஓவியத்தைத் தொங்கவிட்டு, நடுவே பார்வையாளரை நிறுத்தும் ஏற்பாடு. இம்முறையில் வரலாற்றைக் காட்ட முயன்ற தொடக்ககாலப் படைப்புகளுள் ஒன்று தென்னிந்தியாவைப் பற்றியது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டின முற்றுகையை ராபர்ட் கெர் போர்ட்டர் அரைவட்ட ஓவியமாகத் தீட்டி, மறு ஆண்டே லண்டனில் காட்சிக்கு வைத்தார். நூற்றிருபது அடி அளவுக்கு நீண்டிருந்த அந்த ஓவியத்தை ஆறே வாரங்களில் முடித்த அந்த இளைஞர் அதுவரை இந்திய மண்ணை மிதித்தவரல்லர். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தவர்கள் கோட்டையின் உள்ளேயே தாம் நின்றதாக உணர்ந்தாலும், அவர்கள் கண்டது வென்றவர் தரப்பின் கதையையே. சூழ்ந்து நிற்கும் காட்சி, தான் எங்கிருந்து வந்தது என்பதைத் தானாகச் சொல்வதில்லை என்ற சிக்கல் இங்கேயே தொடங்கிவிட்டது.

ஸ்டீரியோஸ்கோப் என்னும் கேளிக்கைப் பொருள் பள்ளிக்குள் நுழைய ஒரு கல்விக் கொள்கை வழி திறந்துவைத்திருந்தது. சொற்களுக்கு முன்பாகப் பொருள்களைக் காட்ட வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்ட கொமேனியஸ், 1658இல் குழந்தைகளுக்கான படநூலொன்றை வெளியிட்டார்; புலன்வழி அறிவே கல்வியின் அடித்தளம் என்று பெஸ்டலோசி பின்னர் வலியுறுத்தினார். 1860களில் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ நகரிலிருந்து எட்வர்ட் ஷெல்டன் பரப்பிய ‘பொருள்வழிப் பாடம்’, ஒரு பொருளை மாணவர் கையில் கொடுத்து, அதைப் பார்த்துக் கேள்விகளுக்கு விடை சொல்ல வைக்கும் முறையாகும். இலையையும் கல்லையும் கையில் கொடுக்கலாம். பிரமிடை எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்கு, ஸ்டீரியோஸ்கோப்பை விற்றவர்களிடம் ஆயத்தமான விடை இருந்தது.

அதற்குச் சற்று முன்பே தமிழகத்தின் கோயில்களும், ஸ்டீரியோஸ்கோப்பில் பார்ப்பதற்கான இரட்டைப்படங்களாகப் பதிவாகியிருந்தன. சென்னை மாகாண அரசு 1856இல் தன் ஒளிப்படக் கலைஞராக அமர்த்திய லின்னியஸ் டிரைப், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் பெரிய படங்களாக எடுத்ததோடு இரட்டைப்படத் தொகுதிகளாகவும் வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பல படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து நீண்ட சுருளாக்கியதும் அவரே. ஆயினும் நிதி நெருக்கடியைக் காட்டி ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அந்தப் பணியை ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார். மன்னர் பெயரும் கொடைக் கணக்கும் பொறித்த கல்வெட்டைக் கண்முன் கொண்டுவந்த இப்பணி தொடர்ந்திருந்தால், வரலாற்றுக் கல்விக்கு அது அமெரிக்க நிறுவனங்கள் விற்ற எதைக் காட்டிலும் பெறுமதியுடையதாக இருந்திருக்கும்.

அந்த அமெரிக்க நிறுவனங்களுள் முதலில் பெயர் பெற்றது, கான்சஸ் மாநிலத்தின் ஒட்டாவா என்னும் சிற்றூரில் 1880களின் தொடக்கத்தில் அண்டர்வுட் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம். வீடு வீடாகச் சென்று விற்கக் கல்லூரி மாணவர்களை அமர்த்தி வளர்ந்த இந்நிறுவனம், 1901 வாக்கில் நாளொன்றுக்கு 25,000 இரட்டைப்பட அட்டைகளை உருவாக்கி வந்தது. தனித்தனிப் படங்களாக விற்றுவந்த நிலையை மாற்றி, ஒரு நாட்டுக்கு ஒரு பெட்டி என்று தொகுத்து, பெட்டியுடன் ஒரு நூலையும் வரைபடங்களையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதே அதன் முக்கியமான புதுமையாகும். ஒவ்வொரு வரைபடத்திலும் படம் எடுக்கப்பட்ட இடம் எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணிலிருந்து விரிந்து செல்லும் இரு சிவப்புக் கோடுகள், அங்கே நிற்பவருக்கு எதுமுதல் எதுவரை தெரியும் என்பதைக் காட்டும். இந்த ஏற்பாட்டுக்கு நிறுவனம் 1900இல் காப்புரிமையும் பெற்றது.

இந்த முறை எட்டிய உயரத்தைக் காண, 1905இல் வெளிவந்த எகிப்துத் தொகுதியை எடுத்துக்கொள்வது பொருந்தும். நூறு படங்களுக்கான அதன் நூலை எழுதியவர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் எகிப்தியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட். துறையின் முன்னணி அறிஞர் ஒருவர் இத்தகைய விற்பனைப் பொருளுக்கு எழுதியது இன்று வியப்பாகத் தோன்றலாம். ஆனால் தம் துறை பொதுமக்களைச் சென்றடைய வேண்டும் என்ற வேட்கையும், எழுத்தால் வரும் வருவாய்க்கான தேவையும் அவருக்கு ஒருங்கே இருந்தன. நைல் ஆற்றின் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் பயணமாக அமைந்த அந்நூலில், ஒவ்வொரு படமும் ஒரு ‘நிலை’ எனப்படும். வாசகர் முதலில் வரைபடத்தில் தம் இடத்தைக் கண்டு, எந்தத் திசையை நோக்கி நிற்கிறோம் என்பதை அறிந்து, விளக்கத்தைப் படித்து, பிறகே கருவியைக் கண்ணருகே கொண்டுசெல்ல வேண்டும். பிரெஸ்டட் அந்த இடத்திலுள்ள கல்லைச் சுட்டி, அதை நிறுத்திய மன்னர் எந்த வம்சத்தவர், அவர் காலத்தை அறிஞர்கள் எவ்வாறு கணிக்கின்றனர், கண்ணுக்கு எட்டாமல் மணலில் புதைந்து கிடப்பது என்ன என்றெல்லாம் எடுத்துரைப்பார். படத்தில் இருப்பது இடிபாடு மட்டுமே. அது கோயிலாக இருந்த காலத்தை வாசகர் தம் மனத்தில் கட்டியெழுப்ப வேண்டும். இந்த உழைப்பை வாசகரிடமே விட்டதுதான் அந்த நூலின் சிறப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. பின்னர் 1916இல் அவர் எழுதிய பண்டைய உலக வரலாற்றுப் பாடநூல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் பயன்பட்டது.

இந்தியாவைக் காட்டிய நூறு படத் தொகுதியை உருவாக்கிய ஜேம்ஸ் ரிக்கல்டன், நியூ ஜெர்சியில் நெடுங்காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆசிரியரின் கூர்மை அவருடைய விளக்கங்களில் தெரிந்தாலும், ஆளும் வெள்ளையரின் பார்வையும் அவற்றில் கலந்தே இருந்தது. அன்றைய தொகுதிகளில் ஐரோப்பா என்றால் நினைவுச் சின்னங்களும் நகரங்களும், ஆசியா என்றால் கோயில், கூட்டம், வறுமை என்ற பாகுபாடு வெளிப்படையாகவே இருந்தது. ஆழம் கூடிய படம் என்பதால் அந்தப் பாகுபாடும் கூடுதல் உண்மைபோல் தோன்றியது.

பள்ளிச் சந்தையை முழுமையாகக் கைப்பற்றியது, 1892இல் பென்சில்வேனியாவின் மீட்வில் நகரில் பி. எல். சிங்லி தொடங்கிய கீஸ்டோன் வியூ கம்பெனி. இந்நிறுவனம் கல்விக்கெனத் தனிப்பிரிவு வைத்து வெளியிட்ட ‘600 தொகுதி’, அறுநூறு காட்சிகளை எண்ணிட்டு அடுக்கியது. அதே காட்சிகளைச் சுவரில் வீழ்த்திக் காட்டுவதற்கான கண்ணாடி ஸ்லைடுகளும் கிடைத்தன. இதில் கவனிக்கத்தக்கது ஆசிரியர்களுக்கான வழிகாட்டி நூலே. வரலாறு, புவியியல், வேளாண்மை என்று பாடவாரியாகத் தலைப்புகளைப் பிரித்து, ஒவ்வொரு தலைப்பையும் அத்துறை வல்லுநர் ஒருவரிடம் ஒப்படைத்து, எந்தப் பாடத்திற்கு எந்த எண்ணுள்ள படம் உதவும் என்பதை அது பட்டியலிட்டுக் காட்டியது. ஒரே படம் பல பாடங்களின்கீழ் வந்தது. அட்டையின் பின்புறத்தில் விளக்கமும் அச்சிடப்பட்டிருந்தது. கருவியைக் கண்ணில் வைத்த மாணவர் எதைப் பார்க்கிறார் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. முழு வகுப்புக்கும் ஒன்றிரண்டு கருவிகளே இருந்தால், ஒருவர் பார்க்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். எண்ணும் விளக்கமும் ஸ்லைடும் இந்த இரு குறைகளை ஈடுசெய்ய எழுந்தவை. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம் 1905இல் தொடங்கிய கல்வி அருங்காட்சியகம், முந்தைய ஆண்டின் உலகப் பொருட்காட்சியில் எஞ்சிய பொருள்களுடன் படங்களையும் சேர்த்து, குதிரை வண்டியில் பள்ளிகளுக்கு அனுப்பி வந்தது.

1913இல் தாமஸ் எடிசன், பள்ளிகளில் புத்தகத்தின் காலம் விரைவில் முடிந்துவிடும் என்றும், அதன் இடத்தைத் திரைப்படம் பிடிக்கும் என்றும் அறிவித்தார். புத்தகத்திற்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்டீரியோஸ்கோப்தான் பின்தங்கியது. அண்டர்வுட் நிறுவனம் இரட்டைப்படத் தொழிலை விட்டு விலகி, தன் நெகட்டிவ்களைக் கீஸ்டோனுக்கு விற்றது. கீஸ்டோனும் 1930களில் கண் பரிசோதனைக் கருவிகளின் பக்கம் திரும்பியே பிழைத்தது. 1939இல் வந்த வியூ-மாஸ்டர், ஏழு காட்சிகள் கொண்ட வட்டத்தட்டால் இரட்டைப்படத்திற்கு மறுவாழ்வு கொடுத்தாலும், சுற்றுலா நினைவுப் பொருளாகவும் பின்னர் விளையாட்டுப் பொருளாகவும் ஆனதே தவிர, வரலாற்று வகுப்பில் நிலைபெறவில்லை. கீஸ்டோன் சேர்த்து வைத்த ஏறத்தாழ இரண்டரை லட்சம் நெகட்டிவ்கள் 1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தைச் சார்ந்த ஒளிப்பட அருங்காட்சியகத்திடம் சேர்ந்தன.

இன்று ஹெட்செட் எனப்படும், தலையில் அணியும் கணினித் திரையை ஐவன் சதர்லாந்து 1968இல் செய்து காட்டினார். அறைக் கூரையிலிருந்து தொங்கும் கம்பியோடு இணைந்த அக்கருவி, தலை திரும்பும் திசைக்கேற்பக் கோட்டுருவங்களை மாற்றிக் காட்டியது. வரலாற்றுக்கு இவ்வகைக் கணினிக் காட்சி வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. இங்கிலாந்தின் டட்லி கோட்டை 1550இல் இருந்த நிலையில் மறுபடி உருவாக்கப்பட்டு, 1994இல் அங்குள்ள பார்வையாளர் மையத்தில் திரையில் காட்டப்பட்டது. அடிப்படையான மாற்றமும் இங்கேதான் நிகழ்ந்தது. இரட்டைப்படம் காட்டியது எஞ்சி நின்ற கல்லை. கணினி காட்டத் தொடங்கியது இடிவதற்கு முன்பிருந்த கட்டடத்தை. எஞ்சாத பகுதியை யாரோ ஒருவர் ஊகித்துத்தான் வரைந்தாக வேண்டும்.

இந்த ஊகம் எவ்வளவு பெரிது என்பதற்கு, பெர்னார்ட் ஃபிரிஷர் தலைமையில் 1996இல் தொடங்கி 2007இல் முதல் வடிவம் வெளியான ‘ரோம் ரீபார்ன்’ திட்டம் நல்ல சான்று. கி.பி. 320ஆம் ஆண்டின் ரோம் நகரை, ஏறத்தாழ ஏழாயிரம் கட்டடங்களுடன் அது கணினியில் எழுப்பியது. அவற்றுள் அமைப்பும் இடமும் போதிய சான்றுகளால் தெரிந்தவை இருநூற்றுச் சொச்சம் மட்டுமே. எஞ்சியவை, நகரின் பதினான்கு பகுதிகளிலும் எத்தனை அடுக்குக் குடியிருப்புகள், எத்தனை செல்வர் மாளிகைகள் இருந்தன என்று எண்ணிக்கை தரும் நான்காம் நூற்றாண்டுப் பட்டியல்களை வைத்து நிரப்பப்பட்டவை. அவற்றின் வடிவங்கள், ரோமில் உள்ள 250இல் ஒரு பங்கு அளவிலான பெரிய மாதிரியை லேசர் கதிரால் அளந்து பெறப்பட்டவை. அந்த மாதிரியோ இத்தாலோ ஜிஸ்மோண்டி உருவாக்கி, 1937இல் முசோலினி அரசு அகஸ்டஸ் பேரரசரின் பெயரால் நடத்திய கண்காட்சிக்காக வைக்கப்பட்டது. பழைய ரோமின் பெருமையைப் புதிய பாசிச அரசின் பெருமையோடு இணைப்பதே அக்கண்காட்சியின் நோக்கம். திட்டத்தினர் எதையும் மறைக்கவில்லை. உறுதியானவை ஒரு வகை, ஊகமானவை மற்றொரு வகை என்று தெளிவாகவே பிரித்து வெளியிட்டனர். ஆனால் ஹெட்செட் அணிந்து தெருவில் நிற்கும் மாணவரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெயிலில், ஒரே உறுதியோடு நிற்கின்றன.

இத்தகைய சிக்கலுக்குத் தீர்வாகவே 2006இல் தொடங்கி 2009இல் விரிவான வடிவம் பெற்ற ‘லண்டன் சாசனம்’ எழுந்தது. பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியில் காட்சிப்படுத்துவோர், எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்ற குறிப்பையும் பதிவு செய்து வெளியிட வேண்டும் என்று அது வரையறுத்தது. ‘பாராடேட்டா’ என்று அழைக்கப்படும் இக்குறிப்பு, நூலில் அடிக்குறிப்பு செய்யும் வேலையைக் காட்சியில் செய்வதாகும். ஆய்வாளர் வட்டத்தில் இதற்கு மதிப்பு உண்டென்றாலும், பள்ளிக்கென விற்கப்படும் காட்சிகளில் இதைக் காண்பது அரிது.

பள்ளிகளில் இத்தொழில்நுட்பம் பெருமளவில் நுழைந்தது கூகுள் நிறுவனத்தின் வழியே. அதன் பாரிஸ் அலுவலகப் பொறியாளர்கள் இருவர் 2014இல் அட்டையையும் இரு வில்லைகளையும் கொண்டு உருவாக்கிய ‘கார்ட்போர்டு’, கைபேசியை உள்ளே செருகிப் பார்க்கும் கருவி. சாராம்சத்தில் அது ஹோம்ஸின் ஸ்டீரியோஸ்கோப்பே. 2015இல் தொடங்கிய ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’ திட்டம் அதை வகுப்பறைக்குக் கொண்டுபோனது. ஆசிரியர் கையிலுள்ள டேப்லெட்டிலிருந்து முழு வகுப்பையும் ஓர் இடத்திற்கு ‘அழைத்துச் செல்வார்’; ஒரு பகுதியைத் தொட்டால் மாணவர்களின் திரையில் அம்புக்குறி தோன்றும்; மாணவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பது ஆசிரியரின் திரையில் சிறு முகங்களாகத் தெரியும். கீஸ்டோன் எண்ணிட்டுத் தீர்க்க முயன்ற பழைய குறைக்கு, நூறு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த விடை இது. ஓராண்டுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் பங்கேற்றனர். ஆயினும் 2021 ஜூன் 30ஆம் தேதியோடு அச்செயலி நிறுத்தப்பட்டது. காட்சிகளில் பல நிறுவனத்தின் வேறொரு தளத்திற்கு மாற்றப்பட்டன. ஆசிரியர் வகுப்பையே வழிநடத்தும் வசதி அங்கே செல்லவில்லை. எதைக் காப்பாற்றியிருக்க வேண்டுமோ அதைக் கைவிட்டு, எளிதில் கிடைப்பதைக் காப்பாற்றிய முடிவு என்றே இதைச் சொல்ல வேண்டும்.

கற்றல் பயனைப் பற்றிய ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. இரண்டாம் உலகப் போரின் கொகோடா போர்முனையைப் பற்றிய பாடத்தை ஒரு பிரிவினருக்கு ஹெட்செட்டிலும் மற்றொரு பிரிவினருக்குச் சாதாரணக் கணினித் திரையிலும் அளித்து ஜோசலின் பராங், ரிச்சர்ட் மேயர் இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஹெட்செட் அணிந்தவர்களிடம் ஆர்வமும் அங்கேயே இருப்பதான உணர்வும் மிகுந்திருந்தன. தேர்வில் அவர்கள் மற்றவர்களை விஞ்சவில்லை. யுபிசாஃப்ட் நிறுவனம் தன் பண்டைய எகிப்து விளையாட்டிலிருந்து சண்டைகளை நீக்கி 2018இல் வெளியிட்ட கல்விப் பயணத்தை மான்ட்ரியல் பள்ளிகளில் சோதித்தபோது, ஹெட்செட் இன்றித் திரையில் ஓடிய அக்காட்சியிலிருந்து மாணவர்கள் கற்றது உண்மையே; ஆனால் ஆசிரியர் நேரில் நடத்திய பாடத்தில் அதைவிடக் கூடுதலாகக் கற்றனர்.

பெருஞ்செலவில் இக்கருவிகளை வாங்கும் கல்வித் துறைகளும் பள்ளிகளும் விற்பவரிடம் இரண்டைக் கேட்டுப் பெற வேண்டும்: காட்சியில் எது சான்றுள்ளது, எது ஊகம் என்று பகுத்துக் காட்டும் குறிப்பு, காட்சியில் நிற்கும் இடத்தையும் திசையையும் காலத்தையும் மாணவருக்கு முன்கூட்டியே உணர்த்தும் ஆசிரியர் கையேடு. 1905இல் எகிப்துத் தொகுதியை விற்ற வணிக நிறுவனமே இரண்டாவதைக் கொடுக்க முடிந்தபோது, இன்று விற்பவர்கள் இரண்டையும் கொடுக்க மறுத்தால் அந்தப் பெட்டிகளைத் திருப்பி அனுப்புவதே முறை.